மைண்ட் மேப்: கோட்டுல ஒரு வினைச்சொல் எழுதுங்க

ஒரு தலைப்பைப் பத்தித் தேட ஆரம்பிச்சா பிரவுசர்ல முப்பது டேப், போன்ல பத்து ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப்ல நமக்கே அனுப்பிக்கிட்ட லிங்க். ஆனா "சரி, என்ன புரிஞ்சுது?"ன்னு யாராவது கேட்டா பதில் வராது. அதுக்கு மைண்ட் மேப் எப்படி உதவும்னு இந்த எபிசோட்ல பார்ப்போம்.

மைண்ட் மேப் என்ற பெயரைப் பிரபலமாக்கியவர் பிரிட்டனைச் சேர்ந்த டோனி புஸான். 1974-ல் அவர் பிபிசி-யில் ஒரு தொடர் நடத்தினார். முறை எளிமையானது: நடுவுல தலைப்பு, சுத்திக் கிளைகள், கிளைக்குள்ள கிளைகள். நான் பயன்படுத்துறது ஃப்ரீபிளேன். இலவசம், ஓப்பன் சோர்ஸ். டேப் தட்டினா உள்கிளை, என்டர் தட்டினா பக்கத்துக் கிளை. மவுஸைத் தொடவே வேண்டாம்.

ஒரு உதாரணம், சென்னைத் தண்ணீர். 2015 டிசம்பர்ல ஊர் மூழ்கிச்சு. 2019 ஜூன்ல பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் கிட்டத்தட்ட வறண்டுபோச்சு. சரி, 'வெள்ளம்', 'வறட்சி'ன்னு ரெண்டு கிளை போட்டாச்சு. இப்போ பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை எந்தக் கிளையில வைப்பீங்க?

இங்கதான் சிக்கல். மைண்ட் மேப் என்பது எங்க துறை பாஷையில ஒரு 'ட்ரீ'. ஒரு பிள்ளைக்கு ஒரே பெற்றோர்தான். ஆனா சதுப்புநிலம் சுருங்கினா மழைநீர் போய் நிக்க இடம் குறையுது, நிலத்துக்குள்ள இறங்குற தண்ணியும் குறையுது. அது ரெண்டு கிளைக்கும் சொந்தம். ஒரே கிளையில அடைச்சா, வெள்ளத்தை டிசம்பர்லயும் வறட்சியை மே மாசத்துலயும் தனித்தனியாப் பேசிட்டு மறந்துடுவோம்.

அதனால நான் மூணு கட்டமாப் போறேன்.

முதல்ல, பதினைந்து நிமிஷம் வரிசை பார்க்காம எல்லாத்தையும் கொட்டுறேன்.

அடுத்து, ஒண்ணுக்கொண்ணு சேர்ந்ததைக் கிளையாக்குறேன். ஒவ்வொரு தகவலோடயும் அது எங்கிருந்து வந்ததுன்னு லிங்க் சேர்க்கிறேன். சரிபார்க்காததுக்குக் கேள்விக்குறி.

கடைசியா, கிளை தாண்டிக் கோடு. ஃப்ரீபிளேன்ல இதுக்கு 'கனெக்டர்'னு பேர். அதுமேல எழுதவும் முடியும். அங்க 'குறைக்கிறது', 'தடுக்கிறது', 'காரணமாகிறது'ன்னு ஒரு வினைச்சொல் எழுதுறேன். இந்தப் பழக்கம் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் 1970-களில் உருவாக்கிய 'கான்செப்ட் மேப்'பிலிருந்து வந்தது. அதுல ஒவ்வொரு கோடும், ரெண்டு விஷயத்துக்கும் என்ன உறவுன்னு சொல்லியாகணும்.

கோடு போட கை தானாப் போகும், ஆனா வினைச்சொல் சில நேரம் வராது. அப்படின்னா அந்த இடம் நமக்கு இன்னும் புரியலைன்னு அர்த்தம். அடுத்து எதைப் படிக்கணும்னு அந்த வெற்றுக் கோடே சொல்லிடும்.

கலர், ஐகான் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். இந்த வாரம் உங்க தலைப்பு ஒண்ணை எடுத்து மூணே மூணு கோடு போட்டுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!