கல்யாண ஃபோட்டோ யாருக்குச் சொந்தம்?

2022 ஜூன் 9-ல் மாமல்லபுரத்தில் கல்யாணம் முடித்த நயன்தாராவும் விக்னேஷ் சிவனும் மறுநாள் திருமலைக்கு வந்தார்கள். மாட வீதியில் ஃபோட்டோ எடுத்ததும் செருப்புக் காலோடு நடந்ததும் சர்ச்சையாகி, விக்னேஷ் சிவன் மன்னிப்புக் கேட்டார். அந்தக் கல்யாணக் காட்சிகள் 2024 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸ் ஆவணப்படத்தில் வெளிவந்தன. அதில் சேர்ந்திருந்த ‘நானும் ரௌடிதான்’ படப்பிடிப்புத் துணுக்குகள் தங்களுக்கே சொந்தம் என்று, அந்தப் படத்தைத் தயாரித்த தனுஷின் நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

நட்சத்திரங்களுக்கு வக்கீல்கள் உண்டு. திருப்பதியிலும் திருச்சானூரிலும் காணிப்பாக்கத்திலும் முகூர்த்தம் வைக்கும் குடும்பங்களுக்கு அட்வான்ஸ் ரசீது ஒன்றுதான் உண்டு.

1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு நம் பக்கம் நிற்கிறது. பொதுவாக ஃபோட்டோ எடுத்தவரே உரிமையாளர். ஆனால் பணம் கொடுத்து எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, சொன்னவரே முதல் உரிமையாளர். ஆக, உங்கள் வீட்டுப் பெண்ணின் மணக்கோலத்தை இன்ஸ்டாகிராமில் விளம்பரமாகப் போட ஸ்டுடியோ உங்களைக் கேட்டாக வேண்டும். பலர் கேட்பதில்லை. நாமும் நல்ல நாளில் எதற்கு வம்பு என்று விட்டுவிடுகிறோம். விடக் கூடாது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சட்டம் பார்ப்பது படத்தில் இருப்பவரை அல்ல, ஏற்பாடு செய்தவரை. அப்பா பேசி அட்வான்ஸ் கொடுத்திருந்தால் உரிமை அப்பாவுக்கு, மணப்பெண்ணுக்கு இல்லை. சித்தப்பா மகன் காசு வாங்காமல் எடுத்தால் அவனுக்கு. சாப்பாடு, மேளம், ஃபோட்டோ எல்லாம் சேர்த்து மண்டபமே பேக்கேஜாகத் தந்தால், எடுக்கச் சொன்னவர் நீங்களா, மண்டபமா என்றே வழக்காடலாம். பிரிட்டனில் பதிப்புரிமை ஃபோட்டோகிராஃபரிடம் இருந்தாலும், சொந்த விசேஷத்துக்காக எடுக்கச் சொன்ன படத்தை வெளியிடாமல் தடுக்கும் தனி உரிமையை 1988-ஆம் வருடச் சட்டம் தருகிறது. அப்படியொரு பிரிவு இங்கேயும் வர வேண்டும். அதுவும் படத்தில் இருக்கும் பெண்ணின் பெயரில்.

ஃபோட்டோகிராஃபரையும் நினைக்க வேண்டும். விடியற்காலை முகூர்த்தத்துக்கு ராத்திரியே வந்து காத்திருப்பவருக்கு, அடுத்த ஆர்டர் வருவது இந்தப் படங்களைக் காட்டித்தான். பத்துப் படம் போட்டுக்கொள்ளச் சம்மதித்தால் அதை எழுதிக் கொடுங்கள். பதிப்புரிமை உங்களுடையது என்பதாலேயே ரா ஃபைல்கள் தானாகக் கைக்கு வந்துவிடாது. எந்தத் தேதிக்குள் ஹார்டு டிஸ்க்கில் தர வேண்டும் என்பதையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். சித்தூர்ப் பக்கத்தில் ரசீது தெலுங்கில் இருந்தால், பின்பக்க நிபந்தனைகளைப் படித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.