நாடே இல்லாத ராஜா: 'செட்டிநாட்டு ராஜா' பட்டம் எப்படி வந்தது, எங்கே போனது?

காரைக்குடி பக்கம் டூர் போனால் கானாடுகாத்தான் அரண்மனை முன்னாடி ஒரு செல்ஃபி நிச்சயம். அரண்மனை இருக்கிறது, சரி. அப்படியானால் இங்கே ராஜா ஆட்சி நடந்ததா?

இல்லை. சிவகங்கைக்கு ஜமீன் இருந்தது, ராமநாதபுரத்துக்கு சேதுபதி இருந்தார். ஆனால் செட்டிநாடு என்பது நகரத்தார் வாழும் ஊர்களின் தொகுப்பு மட்டுமே. படை, வரி, எல்லை எதுவும் கிடையாது. அப்புறம் ராஜா எப்படி?

1881-ல் பிறந்த அண்ணாமலை செட்டியாருக்கு பிரிட்டிஷ் அரசு 1923-ல் 'சர்' பட்டம் கொடுத்தது. அது அவரோடு முடிந்துவிடும். சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் அமைக்க அவர் 20 லட்சம் ரூபாய் கொடுத்தார். அது தொடங்கிய 1929-லேயே 'ராஜா' பட்டமும் வந்தது. இது தலைமுறை தலைமுறையாகத் தொடரும் வகை. வாரிசுக்கு 'குமாரராஜா' என்று பெயர்.

இங்கிலாந்தில் இதற்குச் சொந்தக்காரர் மாதிரி ஒன்று உண்டு: பேரனெட் பட்டம். 1857-லேயே பம்பாய் வணிகர் ஜம்செட்ஜி ஜீஜீபாய் அதை வாங்கிவிட்டார். அந்தப் பட்டத்துக்கு வரும் வாரிசு தன் பெயரையே 'ஜம்செட்ஜி ஜீஜீபாய்' என்று மாற்றிக்கொள்ள வேண்டும்! நல்லவேளை, செட்டிநாட்டில் அந்த வம்பு இல்லை.

1948-ல் அண்ணாமலை செட்டியார் மறைந்தார். பட்டம் மகன் முத்தையா செட்டியாருக்கு வந்தது. டைமிங்கை கவனியுங்கள்: வெள்ளைக்காரர்கள் போய்விட்டார்கள், அரசியல் சாசனம் இன்னும் வரவில்லை. அந்த இடைவெளியில்தான் இந்தக் கைமாற்றம். 1950-ல் சாசனத்தின் 18-வது பிரிவு, ராணுவ, கல்விச் சிறப்புகள் தவிர அரசு யாருக்கும் பட்டம் தரக்கூடாது என்று சொல்லிவிட்டது. பத்ம விருதுகளைக்கூடப் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ போட்டுக்கொள்ளக் கூடாது என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது.

ஆனால் ஊர் வாயை எந்தச் சட்டம் மூடும்? 1984-ல் மறையும்வரை முத்தையா செட்டியார் 'ராஜா சர்' தான். அவர் மகன் எம்.ஏ.எம்.ராமசாமியை மக்கள் பெரும்பாலும் 'டாக்டர்' என்றே அழைத்தார்கள். அவர் 2015-ல் காலமானார்.

பட்டம் இன்று தங்கியிருப்பது முகவரிகளில்தான். சென்னை ராஜா அண்ணாமலைபுரம், பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றம், மதுரை ராஜா முத்தையா மன்றம். டெலிவரி ஆப்பில் 'ஆர்.ஏ.புரம்' என்று டைப் செய்கிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த 'ஆர்' யாரென்று தெரியும்?