உங்களுக்குத் தெரியுமா? கொள்ளைநோய்க் காலத்தில் டூட்டிக்கு வருகிறவர்கள்

● 2003-இல் பரவிய சார்ஸ் நோய் உலகம் முழுக்கச் சுமார் 8,100 பேரைத் தாக்கியது. அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மருத்துவப் பணியாளர். கனடாவிலும் சிங்கப்பூரிலும் இந்த அளவு 40 சதவீதத்தைத் தாண்டியது.

● அந்த ஆண்டு மார்ச் 7 அன்று, நோய்க்கு இன்னும் பெயர்கூட வைக்கப்படாத நேரத்தில், கனடாவின் இரண்டு நகரங்களில் இரண்டு சார்ஸ் நோயாளிகள் மருத்துவமனைக்கு வந்தார்கள். இருவருக்கும் தொற்றின் மூலம் ஹாங்காங்கில் இருந்த ஒரே ஹோட்டல்தான். வான்கூவரில், காய்ச்சலோடும் மூச்சுத்திணறலோடும் வந்தவர் ஆசியா போய்த் திரும்பியவர் என்று தெரிந்ததும், சில நிமிடங்களிலேயே அவரைத் தனியே பிரித்தார்கள். ஊழியர்கள் மாஸ்க் அணிந்துகொண்டார்கள். அவரிடமிருந்து ஒருவருக்கும் பரவவில்லை. டொரோன்டோவில் வந்தவரோ நெரிசலான அவசரப் பிரிவில் மற்ற நோயாளிகளுக்கு நடுவே பல மணி நேரம் கிடந்தார். அங்கிருந்துதான் நகரத்தின் மற்ற மருத்துவமனைகளுக்கும் நோய் போனது. ஒன்டாரியோ மாகாணத்தில் 44 பேர் இறந்தார்கள். டொரோன்டோ ஊழியர்களுக்குத் திறமையோ அக்கறையோ குறைவில்லை. ஆசியாவில் புதுவிதக் காய்ச்சல் பரவுகிறது, கவனம் என்ற எச்சரிக்கை வான்கூவர் வார்டுகள் வரை போய்ச் சேர்ந்திருந்தது, டொரோன்டோவில் சேரவில்லை. முக்கியமான வித்தியாசம் அதுதான்.

● அதே டொரோன்டோவில் மே மாதம், 'நோய் ஓய்ந்துவிட்டது' என்று சொல்லிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள். ஒரு மருத்துவமனையின் செவிலியர்கள், மறுபடியும் அதே அறிகுறிகளோடு ஆட்கள் வருகிறார்கள் என்று மேலிடத்தில் சொன்னார்கள். அது சார்ஸ் இல்லை என்ற பதில்தான் கிடைத்தது. சில நாட்களில் இரண்டாவது அலை வெடித்தது. பின்னர் நீதிபதி ஆர்ச்சி கேம்பெல் ஆணையம் இதை விரிவாக விசாரித்தது. ஆபத்து இருக்கலாம் என்று தோன்றினாலே ஊழியரைப் பாதுகாக்க வேண்டும், அறிவியல் உறுதிப்படுத்தட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்பதே அதன் அழுத்தமான பரிந்துரை. நோயாளியின் அருகில் நிற்கிறவர் சொல்வதைக் கேட்காத நிர்வாகம் எத்தனை கிட்டங்கி நிறைய மாஸ்க் வாங்கி வைத்தாலும் தயாராக இல்லை என்றே நான் சொல்வேன்.

● 'பேரிடர் வந்தால் வேலைக்கு வருவீர்களா?' நியூயார்க் வட்டாரத்தின் 47 மருத்துவ நிலையங்களில் 6,428 ஊழியர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. ஆய்வு 2005-இல் வெளியானது. கடும் பனிப்புயல் என்றால் 80 சதவீதம் பேர் வர விரும்பினார்கள். சார்ஸ் என்றால் 48 சதவீதம்தான். இதைக் கோழைத்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர்களைத் தடுத்தது, தனக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும் தொற்றிவிடுமோ என்ற அச்சம். வர மனமிருந்தும் முடியாதவர்களுக்கோ போக்குவரத்து, குழந்தையை யார் பார்ப்பது, வயதான பெற்றோரை யார் பார்ப்பது என்ற கவலைகள். அவசரகாலத் திட்டம் போடுகிறவர்கள் வென்டிலேட்டரை எண்ணுவதற்கு முன் இவற்றுக்கு வழி சொல்ல வேண்டும்.

● பாதுகாப்பு உடையைப் போடுவதைவிடக் கழற்றுவதில்தான் ஆபத்து அதிகம். 2014-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் எபோலா நோயாளியைக் கவனித்த இரண்டு செவிலியர்களுக்குத் தொற்றியது. உடனே அந்நாட்டு விதிமுறை மாறியது: உடையை அணியும்போதும் கழற்றும்போதும் பயிற்சி பெற்ற ஒருவர் கூடவே நின்று ஒவ்வொரு படியையும் கவனிக்க வேண்டும்.

● சார்ஸ் முடிந்து ஓரிரு ஆண்டுகள் கழிந்த பிறகும் டொரோன்டோ மருத்துவமனை ஊழியர்களிடம் பணிச்சோர்வும் மன உளைச்சலும், அந்த நோயாளிகளைப் பார்க்காத பக்கத்து ஊர் ஹாமில்டன் ஊழியர்களைவிட அதிகமாக இருந்தன. போதிய பயிற்சியும் ஆதரவும் கிடைத்தன என்று உணர்ந்தவர்களுக்குப் பாதிப்பு குறைவு.

● கேரளத்தில் 2018 நிபா வைரஸ் பரவலில் 17 பேர் இறந்தார்கள்; பேராம்பிரா அரசு மருத்துவமனைச் செவிலியர் லினியும் அவர்களில் ஒருவர். பெரும்பாலானோருக்குத் தொற்றியது மருத்துவமனைகளில்தான். அடுத்த ஆண்டு எர்ணாகுளத்தில் ஒரு மாணவருக்கு நிபா வந்தபோது வேறு யாருக்கும் பரவவில்லை. மாணவரும் பிழைத்தார்.

● 2020 ஜனவரி முதல் 2021 மே வரை கொரோனாவுக்குப் பலியான மருத்துவப் பணியாளர்கள் உலகெங்கும் 80,000 முதல் 1,80,000 வரை இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

● 2020 ஏப்ரலில், கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் ஆம்புலன்ஸைத் தாக்கியது. அந்த மாதமே தமிழக அரசு, இப்படித் தடுப்பவர்களுக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்று அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டதே நமக்குத் தலைகுனிவு.