கண்ணாற் கற்றலும் காதாற் கற்றலும்

மாணாக்கர் யாவரும் ஒரு தன்மையர் அல்லர் என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். நாவலர் பெருமானின் காண்டிகையுரை வாயிலாக யாழ்ப்பாணத்தார் பலர் பயின்ற நன்னூலிலே, பவணந்தி முனிவர் அவரை அன்னம் முதல் நெய்யரி ஈறாக எட்டுப் பொருள்களோடு உவமித்து, தலை, இடை, கடை என வகுத்தார். அவ்வகுப்பு, மாணாக்கன் எதைக் கொள்கிறான், கொண்டதை எவ்வாறு காக்கிறான் என்பது பற்றியது. எப்பொறி வழியாகக் கொள்கிறான் என்பது பற்றியதன்று.

பொறிபற்றிய வகுப்பு இக்காலத்தது. நியூசிலாந்தினரான நீல் பிளெமிங் என்பார் 1992இல் வெளிப்படுத்திய முறை, கற்போரைக் காட்சி, கேள்வி, எழுத்து, செய்கை என்னும் நான்கன்பாற் படுத்தும். வழியறியாதார்க்குப் படம் வரைந்து காட்டுவீரா, வாயாற் சொல்வீரா, எழுதிக் கொடுப்பீரா, உடன் செல்வீரா என்பன போன்ற வினாக்களுக்குப் பெறும் விடைகொண்டு அது துணியும். அவ்விடைகள் காட்டுவது விருப்பத்தையே. பலாப்பழத்தை விரும்பும் பிள்ளைக்கு அதுவே நன்கு செரிக்கும் என எந்தத் தாயும் துணியாள்.

ஆயின் உண்மையை எங்ஙனம் அளப்பது? கண்ணாற் கற்பவர் எனப்பட்டோரைத் திருவுளச்சீட்டால் இருகூறாக்கி, ஒரு கூற்றார்க்குப் படத்தாலும் மற்றையோர்க்குச் சொல்லாலும் ஒரே பாடத்தைக் கற்பித்தல் வேண்டும். காதாற் கற்பவர் எனப்பட்டோர்க்கும் அவ்வாறே செய்து, அனைவரையும் ஒரே வினாத்தாளாற் சோதித்தல் வேண்டும். முன்னவர்க்குப் படமும் பின்னவர்க்குச் சொல்லும் மிகுபயன் தந்தாலன்றி அவ்வகுப்பு நிலைபெறாது. அமெரிக்க உளவியலறிஞர் பாஷ்லர் முதலிய நால்வர் 2008இல் ஆராய்ந்தபோது, இங்ஙனம் முறைப்படி நடந்த சோதனைகள் மிகச் சிலவே என்றும், அவற்றுட் பல அக்கொள்கைக்கு மாறான முடிவே தந்தன என்றும் கண்டனர்.

இனி, நம் வழக்கை நோக்குவோம். விசயதசமியன்று ஏடு தொடக்கும் குழந்தை, பரப்பிய அரிசியில் விரலால் எழுத்தை வரைகிறது, வரைந்ததைக் காண்கிறது, ஆசிரியரைத் தொடர்ந்து ஒலிக்கிறது. மெய்யும் கண்ணும் செவியும் வாயும் ஓரெழுத்தின்மேற் கூடுகின்றன. அளவெட்டியிலும் இணுவிலிலும் தவில் பயில்வோர், கை பழகுமுன் சொற்கட்டை வாயாற் சொல்லித் தாளமிட்டுப் பழகுவர். அங்கே செவியும் வாயும் முந்துகின்றன. பூமிசாத்திரமோ படமின்றி நடவாது. பாக்கு நீரிணையின் வடிவை எத்துணை நாவன்மையுடையார் சொல்லினும் பிள்ளையின் மனத்திற் பதித்தல் அரிது. ஆகவே எப்பொறி முந்தவேண்டும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பாடத்தின் இயல்பேயாம்.

பொறிகளிற் குறைபாடுடைய பிள்ளைகளின் நிலை வேறு. விழிப்புலன் இழந்தார்க்கு விரலால் தொட்டுணரும் எழுத்தும், செவிப்புலன் இழந்தார்க்குச் சைகைமொழியும் இன்றியமையாதன. அவை விருப்பம்பற்றி வந்தன அல்ல.

என்னுடன் பயின்ற ஒருவர் கடைசி வாங்கில் இருப்பார். கரும்பலகையைப் பாரார், ஆசிரியர் சொல்வதை மட்டும் கூர்ந்து கேட்பார். காதாற் கற்பவன் என்று அவரை யாவரும் வியந்தோம். அவருக்குக் கிட்டப்பார்வை என்பது மூன்றாண்டு கழித்தே தெரியவந்தது. மூக்குக்கண்ணாடி அணிந்த முதல் நாள், கரும்பலகையில் இத்துணை எழுதுவார்களா என்று அவர் என்னைக் கேட்டார்.