புல்லைப் பெயர்த்து பிளாஸ்டிக் போடும் முன்பு

போன வசந்தகாலத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கத் தோட்டத்தை அளக்க ஒருவர் வந்தார். லண்டன் புறநகரில் பல வீடுகளுக்கும் இருப்பது போல ஒரு சின்னத் துண்டு நிலம். பாதி புல், பாதி சேறு. அக்டோபர் வந்துவிட்டால் பிள்ளைகள் விளையாடிவிட்டு உள்ளே வரும்போது வீடு முழுக்க மண். செயற்கைப் புல் போட்டுவிட்டால் வெட்ட வேண்டாம், சேறு இல்லை, வருஷம் முழுக்கப் பச்சை. அவர் சொன்ன விலையும் கட்டுப்படியாகிற மாதிரிதான் இருந்தது.

எப்படிச் செய்வார்கள் என்றும் விளக்கினார். மேல்மண்ணை வெட்டி எடுத்துவிட்டு, ஜல்லி கொட்டி இடித்து இறுக்கி, மணல் பரப்பி, துணி விரித்து, அதற்கு மேல் பிளாஸ்டிக் புல். இதையெல்லாம் ஜன்னல் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா, அவர் போனதும் கேட்டார்: "மண்ணை வெட்டி எடுத்துட்டு மூடிட்டா, அதுல இருக்கற உசுரெல்லாம் என்னடா ஆகும்?"

அம்மா தஞ்சாவூர்ப் பக்கம் வயல்காட்டில் வளர்ந்தவர். நான் இங்கே வளர்ந்தவன், கம்ப்யூட்டர்தான் என் வேலை. எனக்குப் பதில் தெரியவில்லை. தேட ஆரம்பித்தேன். எங்களைப் போலவே தோட்டத்தை "சுத்தமாக" ஆக்கிவிடலாம் என்று யோசிக்கிற பெற்றோர் நிறைய பேர் இருப்பீர்கள் என்பதால், கிடைத்ததை இங்கே எழுதுகிறேன்.

ஒரு தேக்கரண்டி மண்

நல்ல தோட்ட மண் ஒரு தேக்கரண்டி எடுத்தால், அதில் நூறு கோடி வரை பாக்டீரியாக்கள் இருக்கலாம். கூடவே கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை இழைகள், அவற்றைத் தின்னும் ஒருசெல் உயிரிகள், நூல் போன்ற மிகச் சின்னப் புழுக்கள்.

மழை பெய்ததும் மூக்கில் ஏறும் மண்வாசனைக்கு முக்கியக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள். அதை உண்டாக்குவது ஸ்ட்ரெப்டோமைசஸ் முதலான மண் பாக்டீரியாக்கள். காசநோய்க்கு முதலில் கிடைத்த நல்ல மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினும் இதே குடும்பத்திலிருந்துதான் வந்தது. 1943-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் அதைக் கண்டுபிடித்தார்கள்.

இந்த உயிர்களுக்குச் சாப்பாடு போடுவது செடிகள்தான். இலைகள் வெயிலில் தயாரிக்கும் சர்க்கரையில் ஒரு பங்கை வேர்கள் மண்ணுக்குள் கசியவிடுகின்றன. உதிர்ந்த இலை, செத்த வேர் எல்லாம் மீதிச் சாப்பாடு. பதிலுக்கு நுண்ணுயிர்கள் செடிக்குச் சத்துகளைப் பிரித்துக் கொடுக்கின்றன, மண் துகள்களை ஒட்டவைத்து நடுவில் காற்றும் தண்ணீரும் போகிற இடைவெளிகளை உண்டாக்குகின்றன. மேலே செடி இல்லை என்றால் கீழே சமையல் இல்லை. ஒரு நிலத்தை நாம் எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பது அங்கே பந்தி நடக்கிறதா, பட்டினியா என்பதைத் தீர்மானிக்கிறது.

பட்டினி போட்டுப் பார்த்த நிலம்

இதை நிஜமாகவே சோதித்துப் பார்த்த இடம் லண்டனுக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கிறது. ஹார்பெண்டன் ஊரில் உள்ள ராத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையம். அங்கே ஹைஃபீல்டு என்றொரு வயல். நூறு வருஷத்துக்கும் மேல் புல்வெளியாகக் கிடந்த நிலம். ஒரு பகுதியைப் புல்லாகவே விட்டார்கள். ஒரு பகுதியில் பயிர் வைத்தார்கள். இன்னொரு பகுதியில் 1959 முதல் ஒரு செடிகூட முளைக்க விடாமல், வருஷத்துக்குப் பல தடவை உழுது வெறும் மண்ணாகவே வைத்திருக்கிறார்கள்.

சுமார் 50 வருஷம் கழித்து எண்ணிப் பார்த்தபோது, பட்டினி போட்ட மண்ணில் நுண்ணுயிர்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. சின்னப் பூச்சிகளும் அப்படித்தான். ஆனால் பாக்டீரியா வகைகள் மட்டும் பெரிதாகக் குறையவில்லை. கூட்டம் கரைந்துவிட்டது, ஆனாலும் ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் சிலர் எப்படியோ தாக்குப்பிடித்து உள்ளேயே இருந்திருக்கிறார்கள்.

2008-ல் அந்த வெறும் நிலத்தில் ஒரு பகுதியில் திரும்பவும் புல் விதைத்தார்கள். சில வருஷங்களிலேயே நுண்ணுயிர்கள் பெருக ஆரம்பித்தன. மண்ணில் சேர்ந்திருக்க வேண்டிய கார்பன் மட்டும் அவ்வளவு சீக்கிரம் திரும்பவில்லை. அரை நூற்றாண்டில் போனது அதற்கே உரிய வேகத்தில்தான் வரும்.

அம்மாவின் கேள்விக்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது. மூடினால் மண் ஒரேயடியாகச் செத்துவிடாது. ஆனால் வேரும் இலையும் இல்லாமல், இறுகிப்போய், உள்ளே இருப்பவை பட்டினி கிடக்கும். வெட்டி லாரியில் ஏற்றி அனுப்பிய மேல்மண்ணோ, நம் வீட்டுக்குத் திரும்பியே வராது. உயிர் அதிகம் இருப்பதும் அந்த மேல்மண்ணில்தான்.

எருவும் உரமும்

ராத்தம்ஸ்டெட்டிலேயே பிராட்பாக் என்ற இன்னொரு வயல் உண்டு. 1843 முதல் அங்கே கோதுமை விளைவிக்கிறார்கள். ஒரு பட்டைக்கு வருஷாவருஷம் தொழுவுரம், இன்னொன்றுக்கு ரசாயன உரம், வேறொன்றுக்கு எதுவுமே இல்லை. தொழுவுரம் போட்ட மண்ணில் நுண்ணுயிர்களின் மொத்த எடை மற்றவற்றைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

"ரசாயன உரம் போட்டால் மண் செத்துடும்" என்று வாட்ஸ்அப்பில் வருமே, பிராட்பாக்கைப் பார்த்தால் அது அவ்வளவு நேர்க்கோடு இல்லை. உரம் போட்டால் பயிர் நன்றாக வளரும், வேரும் தாளும் அதிகமாக மண்ணுக்குள் போகும், அதுவும் நுண்ணுயிருக்கு உணவுதான். ஆனால் எரு நேரடியாகவே சாப்பாடு, அதனால் வித்தியாசம் பெரிது. உழவிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பெரும்பாலான செடிகளின் வேரோடு ஒட்டி வாழும் வேர்ப்பூஞ்சைகள் மண்ணுக்குள் நூல்வலை போலப் பரவி, தூரத்தில் இருக்கும் பாஸ்பரஸைச் செடிக்குக் கொண்டுவந்து தரும். அடிக்கடி ஆழமாக உழுதால் அந்த வலை அறுந்துபோகும். பாஸ்பரஸ் உரத்தை அள்ளிக் கொட்டினாலும் செடிக்கு அந்தப் பூஞ்சையின் தயவு தேவைப்படாமல் போய்விடும்.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவருக்குப் பெரிய ஆச்சரியம் எதுவும் இல்லை. "கிடை போடறது எதுக்குன்னு நெனச்ச?" என்றார். அறுவடை முடிந்ததும் ராமநாதபுரத்துப் பக்கமிருந்து கீதாரிகள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு டெல்டாவுக்கு வருவார்கள். ராத்திரி வயலிலேயே பட்டி அடைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் நேராக மண்ணுக்கு. இன்னொன்றையும் சொன்னார்: நெல் அறுக்கப் போகிற நேரத்திலேயே ஈர வயலில் உளுந்தோ பயறோ தெளித்துவிடுவார்கள். நெல் போன பிறகும் வயல் சும்மா கிடக்காது. உளுந்து வேரின் முடிச்சுகளில் இருக்கும் பாக்டீரியா காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து வைக்கும். மண்ணைப் பட்டினி போடாதே என்று ஹைஃபீல்டு சொல்வதை ஊரில் வேறு வழியில் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு என்ன?

பெற்றோராக எனக்கு உறைத்தது ஃபின்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு. 2020-ல் வெளிவந்தது. நகரத்தில் உள்ள பகல்நேரக் குழந்தைகள் காப்பகங்கள் 10, மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் 75 பேர். சில காப்பகங்களில் ஜல்லி போட்டிருந்த முற்றத்தின் மேல் காட்டுத் தரையை, அதாவது பாசி, சின்னச் செடிகள், மண் எல்லாவற்றையும் அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து விரித்தார்கள். புல்லும் செடித் தொட்டிகளும் வைத்தார்கள். பிள்ளைகள் தினமும் அதில் தோண்டி, நட்டு, விளையாடினார்கள்.

வெறும் 28 நாளில் அந்தப் பிள்ளைகளின் தோலில் இருந்த பாக்டீரியாக்களின் வகைகள் கூடின. உடம்பின் எதிர்ப்பு மண்டலத்தை அமைதியாக வைத்திருப்பதோடு தொடர்புள்ள சில குறிகாட்டிகள் ரத்தத்தில் நல்ல திசையில் நகர்ந்தன.

இதை ஊதிப் பெருக்கக் கூடாது. சின்ன ஆய்வு, குறுகிய காலம். எக்சிமாவோ ஆஸ்துமாவோ குறைந்தது என்று அது சொல்லவில்லை. உங்கள் பிள்ளைக்கு அலர்ஜி இருந்தால் டாக்டர் சொல்வதுதான் வழி, மண் மருந்து இல்லை. ஆனால் "சீ, அழுக்கு, தொடாதே" என்று நான் தினமும் சொன்னது எதற்காக என்று யோசிக்கவைத்தது. ஜல்லி முற்றமும் காட்டு மண்ணும் ஒன்றல்ல என்று அந்தப் பிள்ளைகளின் தோலே சொல்கிறதே.

சில எச்சரிக்கைகள்

மண்ணில் விளையாட விடுவதென்றால் சில விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். பூனை, நாய் மலம் கிடக்கும் இடத்தை உடனே சுத்தம் செய்யுங்கள். மணல் தொட்டியை மூடி வையுங்கள். சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுவது மாறக் கூடாது. கடையில் வாங்கும் கம்போஸ்ட் மூட்டையைப் பிரிக்கும்போது தூசியை முகர வேண்டாம், லேசாக நனைத்துக்கொள்ளுங்கள். பழைய வீடு, மெயின் ரோட்டோர வீடு என்றால் மண்ணில் ஈயம் இருக்கலாம். காய்கறி போடும் முன் ஒருமுறை பரிசோதிப்பது நல்லது.

வீட்டில் செய்து பார்க்க

ஒரு பழைய வெள்ளைக் காட்டன் ஜட்டி எடுங்கள். பாலியெஸ்டர் கலக்காததாக இருக்க வேண்டும். தோட்டத்தில் புதைத்து, இடத்தைக் குறித்துவைத்து, இரண்டு மாதம் கழித்துத் தோண்டுங்கள். மண்ணில் உயிர் நன்றாக வேலை செய்தால் பருத்தியைத் தின்றுவிடும், எலாஸ்டிக் மட்டும் மிஞ்சும். சுவிட்சர்லாந்தில் 2021-ல் விஞ்ஞானிகள் ஜட்டிகளைப் பொதுமக்களுக்கு அனுப்பி இதையே ஒரு பெரிய சோதனையாகச் செய்தார்கள். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் விவசாயிகளும் பள்ளிப் பிள்ளைகளும் செய்கிறார்கள். கோடைகாலம் சரியான நேரம். குளிரில் நுண்ணுயிர்கள் மெதுவாகத்தான் வேலை செய்யும்.

நாங்கள் இரண்டு புதைத்தோம். ஒன்று செடிகள் இருக்கும் மூலையில், இன்னொன்று முந்தைய வீட்டுக்காரர்கள் சரளைக்கல் கொட்டி வைத்திருந்த பாதைக்கு அடியில். செடிப் பக்கத்தில் எலாஸ்டிக்கும் நாலைந்து நூலும்தான் வந்தன. சரளைக்குக் கீழே இருந்தது துவைத்தால் இன்னும் ஒருமுறை போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. என் ஐந்து வயது மகள் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பாட்டி, இங்க யாருக்கும் பசிக்கலையா?" என்று கேட்டாள். "பசிக்கறவங்க குறைஞ்சு போயிட்டாங்கடி" என்றார் அம்மா.

செயற்கைப் புல்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சரளையை அள்ளிவிட்டு, இலைகளை மக்கவைத்துப் போட்டு, க்ளோவர் விதைத்திருக்கிறோம். பின்வாசலில் ஒரு பெரிய கால்மிதி வாங்கிப் போட்டாச்சு. சேறு இன்னும் வீட்டுக்குள் வருகிறது, முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாகவே.