பழைய பில் கணக்குக்கு கிளவுடில் ஒரு பரண்

காந்திகிராமத்துக்குப் பக்கத்திலேயே சின்னாளபட்டி. அங்குள்ள சுங்குடிச் சேலைக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பில்லிங் எல்லாம் கம்ப்யூட்டரில்தான். பல வருஷக் கணக்கு ஒரே டேட்டாபேஸ் ஃபைலாக, ஒரே ஹார்டு டிஸ்கில் கிடக்கும். டிஸ்க் போச்சுன்னா? ஜிஎஸ்டி பதிவு பெற்றவர்கள், ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். "டிஸ்க் கெட்டுப்போச்சு சார்" என்பது பதிலாகாது.

பெரிய இடங்களிலும் இது நடக்கும். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசு டேட்டா சென்டர் தீப்பிடித்தது. அரசு ஊழியர்களின் ஜி-டிரைவில் இருந்த 858 டெராபைட் தகவல் போனது. வெளியில் வேறு காப்பி இல்லை. அதனால், பேக்கப் எடுத்த பென்டிரைவைக் கடை மேஜையிலேயே வைக்காதீங்க.

கிளவுடில் வைத்தால் செலவு ஆகாதா? எப்போதாவது மட்டும் எடுக்கும் பொருளை வீட்டில் பரணில் போடுகிறோம் இல்லையா, கிளவுடிலும் அப்படி ஒரு இடம் உண்டு. அமேசானின் 'கிளேசியர் டீப் ஆர்க்கைவ்' சேவையில், அமெரிக்க மையங்களில் 1 டெராபைட்டுக்கு மாதம் சுமார் 1 டாலர்தான். மும்பையில் கொஞ்சம் கூடும். ஆனால் கேட்டவுடன் ஃபைல் வராது, 12 மணி நேரம் வரை ஆகலாம். திரும்ப எடுக்கத் தனிக் கட்டணம். 180 நாளுக்குள் அழித்தாலும் அந்த 180 நாளுக்கான வாடகை உண்டு.

நிறைய டேட்டா உள்ள நிறுவனங்களுக்கு இது சரி. சின்னக் கடைக்குத் தேவையே இல்லை என்பது என் கருத்து. கூகுள் கணக்கின் 15 ஜிபி இலவச இடமே பொதுவாகப் போதும். ஜிமெயில், ஃபோட்டோஸ், டிரைவ் மூன்றுக்கும் அதே இடம்தான் என்பதால் கல்யாண வீடியோவே அதை நிரப்பிவிடும்! பேக்கப்புக்குக் கடை பெயரில் தனிக் கணக்கு தொடங்குங்கள். வேலை பார்க்கும் தம்பியின் மெயிலில் போட்டால், அவர் வேலையை விட்டதும் கணக்கும் கூடவே போகும். 2 வருஷம் தொடாத கணக்கை கூகுள் நீக்கக்கூடும். அவ்வப்போது உள்ளே போய் வாங்க.

மாதக் கடைசியில் பில்லிங் சாஃப்ட்வேரிலேயே பேக்கப் எடுத்து, பாஸ்வேர்டு போட்டு, தேதியைப் பெயராக வைத்து ஏற்றுங்கள். போன மாத ஃபைல் மேலேயே புதியதை ஏற்ற வேண்டாம். கெட்டுப்போன ஃபைலை ஏற்றிவிட்டால் நல்ல காப்பியும் போய்விடும். வருஷத்துக்கு ஒருமுறை பழைய பேக்கப் ஒன்றை இறக்கி, வேறு கம்ப்யூட்டரில் திறந்து, ஒரு பில்லையாவது பார்த்துவிடுங்கள். திறக்கவில்லை என்றால் அன்றைக்கே புதிதாக எடுத்துக்கொள்ளலாம், ஒரிஜினல் கடையில்தானே இருக்கு.