அடுப்பும் குடமும்



விறகை வீணாய் எரித்தால் காசு மட்டுமா போகிறது? அடுப்புப் புகை தாயின் கண்ணையும் நெஞ்சையும் கெடுக்கும்; கைக்குழந்தைக்கு நிமோனியா வரவும் வழி செய்யும். ஆகவே அடுப்பெரியும் நேரத்தைக் குறையுங்கள்.

கொண்டைக்கடலை, மொச்சையை முதல் நாள் இரவே ஊறப் போட்டால் சீக்கிரம் வெந்துடும். பாத்திரத்தை மூடி வையுங்கள். கொதி வந்ததும் தீயைத் தணியுங்கள். திறந்த பானையில் கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடேறாது. அதற்கு மேல் எரிப்பதெல்லாம் ஆவியாகத்தான் போகும். கேஸ் அடுப்புக்கும் இதே கணக்குத்தான்.

அரிசி களைந்த தண்ணீர் மாட்டுக்கு. குளித்த தண்ணீர் வாழைக்கு. வாசலில் தேங்க விடாதீர்கள்.

பிடித்து வைத்த தண்ணீரை மூடுங்கள். டெங்கு கொசு பெரும்பாலும் நல்ல தண்ணீரில்தான் பெருகும். அதன் முட்டை தொட்டிச் சுவரில் ஒட்டிக்கிடக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது. வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவிக் காய வையுங்கள்.

காய்கறித் தோல், சாணத்தைக் குழியில் போட்டால் எருவாகும். பிளாஸ்டிக்கை மட்டும் அடுப்பில் போடாதீங்க, அது நச்சுப்புகை.

ஐயா, இதெல்லாம் பெண்கள் வேலை என்று ஒதுங்கலாமா? குடம் சுமப்பதிலும் தொட்டி கழுவுவதிலும் நீங்களும் கைகொடுங்கள்.

புகை குறையட்டும்! தண்ணீர் மிஞ்சட்டும்! பிள்ளைகள் சுகமாய் வளரட்டும்!